தன்னை அறிதலும் ஊரை அறிதலும்

மன்னார் நகரத்தை அடுத்த கீரியிலும் அதையொட்டிய கரையோர ஊர்களிலும் கரைவலை இழுபடும்போது நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தோணி சென்று வலையைப் பிறைபோல் வளைத்துக் கடலில் இறக்கிவிட்டு வந்தபின், இரு தலைப்பிலும் வரிசையாக நிற்பவர்கள் அம்பாப் பாடி, அடிமேல் அடிவைத்துப் பின்வாங்கிக் கயிற்றை இழுக்க, வரிசைகள் இரண்டும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கி, கடைசியில் மடி மணலில் வந்து ஏறும்வரை, அதற்குள் என்ன இருக்கிறது என்பது சம்மாட்டிக்கும் தெரியாது, இழுப்பவனுக்கும் தெரியாது. மடியை அவிழ்த்தாலோ, விலைபோகும் பாரையோடும் சூடையோடும், தொட்ட கையை அரிக்கச் செய்யும் சொறியும், வயிறு புடைத்த பேத்தையும், சாதாளையும், உடைந்த சிப்பியும் ஒன்றாகவே கொட்டுகின்றன. வேண்டாதவற்றைக் கடலிலேயே விட்டுவிட்டு வேண்டியவற்றை மாத்திரம் அள்ளிவரும் வலையை ஒருவரும் இன்னும் முடையவில்லை. மனித மனத்தின் ஆழத்தில் வலைவீசிய வைத்தியர்களுக்கும் வாய்த்த அனுபவம் இதுவே.

அவர்களுள் தலையாய ஒருவர் சுவிட்சர்லாந்து தேசத்து மனோதத்துவ அறிஞர் கார்ல் குஸ்தாவ் யுங். 1875 ஆம் ஆண்டில் ஒரு புரட்டஸ்தாந்துப் போதகரின் மகனாகப் பிறந்த யுங், சிக்மண்ட் பிராய்டின் அன்புக்குரிய சகபாடியாகச் சில ஆண்டுகள் இருந்து, 1913 இல் அவரோடு கொண்ட உறவு முறிந்தபின், தம் மனம் தம்மைவிட்டு நழுவுகிறதோ என்று அஞ்சத்தக்க ஒரு கொந்தளிப்புக்கு ஆளானார். அக்காலத்தில் தமக்குத் தோன்றிய கனவுகளையும் காட்சிகளையும் நோய் என்று ஒதுக்காமல், அவற்றை எழுதியும் சித்திரமாகத் தீட்டியும் ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியிலிருந்து அவர் திரட்டிய கொள்கையே ‘இண்டிவிஜுவேஷன்’ என்று உலகம் அறிந்த தனித்துவ நிறைவுக் கொள்கை. ஒரு மனிதன் தன்னுள் தனக்குத் தெரிந்த பகுதியையும் தெரியாத பகுதியையும், ஒப்புக்கொண்டதையும் மறுத்ததையும் ஒன்றுசேர்த்து, பிறருடைய பிரதியாக அல்லாமல் தானாகவே ஆகிவரும் நெடும்பயணம் என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம்.

இப்பயணத்தைத் தன்னலம் என்றோ, உற்றார் உறவினரை உதறிவிட்டுத் தன்வழியே போவதென்றோ கருதுதல் பெரும் பிழை. ஊரோடு முரண்படுகிறவனெல்லாம் தனித்துவம் உடையவன் ஆகான். முரண்படுவதையே தொழிலாகக் கொண்டவன் ஊர் சொல்வதற்கு எதிரானதைச் செய்வதன் மூலம் ஊருக்கே அடிமையாயிருக்கிறான். யுங் கருதிய நிறைவு மனிதனை மனிதரிடமிருந்து பிரிப்பதில்லை. தன் பாரத்தைத் தானே சுமக்கக் கற்றவனே பிறர்மேல் அதை ஏற்றாமல் அவர்களோடு கூடி வாழமுடியும் என்பதே அவர் முடிபு.

பயணத்தின் முதற்படி, நாம் அணிந்திருக்கும் முகமூடியை முகமூடி என்று அறிவது. அதிபர், சம்மாட்டி, கோயில் மூப்பர், வங்கி முகாமையாளர், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் மூத்த மகன் என்று ஒவ்வொருவருக்கும் சமூகம் ஒரு வேஷத்தை அளிக்கிறது. அது பொய்யன்று, அதில்லாமல் ஒரு நாள்கூட உலகியல் நடவாது. ஆயினும் அந்த வேஷமே தான் என்று நம்பிவிட்ட மனிதன், இளைப்பாறி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மறுவாரமே, அலுவலகத்தில் நூறுபேரை ஆண்ட தாம் யார் என்று தமக்கே விளங்காமல் தவிப்பதையும், பேரப்பிள்ளைகள்மீது அதிகாரம் செலுத்த முற்பட்டு வீட்டாரின் வெறுப்பைத் தேடிக்கொள்வதையும் நாம் காணாத ஊரில்லை. வாழ்வின் முற்பகுதி உலகில் ஓர் இடத்தைத் தேடிக்கொள்வதற்கும், பிற்பகுதி உள்ளத்தில் அவ்விடத்தைத் தேடிக்கொள்வதற்கும் உரியவை என்றும், முற்பகுதியின் விதிகளைக் கொண்டே பிற்பகுதியையும் நடத்த முயல்பவர்களுக்கே நடுவயதின் சோர்வும் வெறுமையும் வந்து சேர்கின்றன என்றும் யுங் தம் நோயாளரிடமிருந்து கண்டறிந்தார்.

இரண்டாம் படி முதலாவதினும் கடினமானது. முகமூடிக்கு ஒவ்வாதன என்று குழந்தைப் பருவம் முதல் நாம் ஒளித்துவந்த கோபம், பொறாமை, கோழைத்தனம், காமம், பேராசை ஆகியவை அழிந்துபோவதில்லை. பின்னால் நின்று நீண்டு வளர்கின்றன. இத்தொகுதிக்கு யுங் நிழல் என்று பெயரிட்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம் பழமொழி; நிழலின் இயல்பும் அதுவே. ஆனால் தனக்குத் தெரியாத அந்த நிழல் அயலான் முகத்தில் மிகத் துலக்கமாகத் தெரிந்துவிடுகிறது. அளவுக்கு மிஞ்சிய கொதிப்போடு ஒருவன் அயலானின் கஞ்சத்தனத்தைத் திரும்பத் திரும்பப் பேசுவானாயின், அந்தக் கொதிப்பிலே அவனுடைய சொந்தப் பணப்பெட்டியின் சாவியும் தொங்குகிறது. பிறன்மேல் ஏற்றிவிட்ட குற்றத்தைத் தன்னிடமே திருப்பி அழைத்துக்கொள்வது அவமானம் நிறைந்த காரியம்; ஆயினும் அதைச் செய்யாமல் அடுத்த அடி இல்லை.

இவ்வுண்மை நமக்கு முற்றிலும் புதியதன்று. ஆணவ மலம் அநாதியானது என்றும், முத்தி நிலையிலும் அது இல்லாமற் போவதில்லை, அதன் சக்தி மாத்திரமே அடங்குகிறது என்றும் சைவ சித்தாந்தம் கூறுகின்றது. இருளை வெட்டி எறிந்துவிட்டேன் என்று சொல்லும் உரிமையை எவருக்கும் அளியாத இந்தக் கொள்கை, நிழலை ஒழித்துவிட்டதாக மார்தட்டுகிறவனே நிழலிடம் முழுமையாகச் சிக்கியவன் என்ற யுங்கின் கருத்துக்கு வெகு சமீபத்தில் நிற்கிறது. மன்னார்க் கரையின் கத்தோலிக்கக் குடும்பங்களில் தபசு காலந்தோறும் பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்று முழந்தாளிடும் வழக்கத்தையும் இங்கு நினைக்கவேண்டும். மனோசிகிச்சையின் முதற்கட்டமே வெளிப்படச் சொல்லுதல்தான் என்றும், அதன் மூலவடிவம் திருச்சபையின் பாவசங்கீர்த்தனமே என்றும் யுங் வெளிப்படையாகவே எழுதினார். ஒளித்துவைத்த இரகசியம் ஒருவனை மனித சமூகத்திலிருந்து துண்டித்துவிடுகிறது. சொல்லப்பட்ட குற்றம் அவனை மறுபடி உள்ளே சேர்க்கிறது.

1937 இன் இறுதியில் இந்தியா வந்த யுங், காசி, அலகாபாத், கல்கத்தா முதலிய இடங்களுக்குச் சென்று, திருவண்ணாமலைக்குப் போகாமலே 1938 இல் இலங்கைக்கு வந்து, கண்டியிலே தலதா மாளிகையின் மாலைப் பூசையைக் கண்டு கப்பலேறினார். இரமண மகரிஷியைச் சந்திக்காதது ஏன் என்பதை அவர் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். ஞானத்தை இன்னொருவரிடம் இரவல் வாங்காமல் தம் அனுபவத்திலிருந்தே பெறவேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கிருந்தது. இருமைகளைக் கடந்துபோவதைக் காட்டிலும் அவற்றின் நடுவே நின்று அவற்றைத் தாங்குவதே தம் வழி என்றும் அவர் கருதினார். இந்த வேறுபாட்டை மறைத்து, மேனாட்டார் இப்போதுதான் நம்மிடம் கற்கிறார்கள் என்று நாம் மகிழ்வதும் ஒரு முகமூடிதான்.

இதுவரை தனிமனிதனைப் பற்றிச் சொன்னது ஊருக்கும் இனத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வி இனி எழுகிறது. பொருந்தும் என்பதே யுங்கின் விடை. ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. கூட்டத்துக்கும் முகமூடியும் நிழலும் உண்டு. ஆனால் கூட்டத்துக்குத் தன்னைத்தானே நோக்கும் கண் இல்லை. தனியாக நிற்கும்போது வெட்கப்படும் செயலை மனிதன் திரளில் நின்று ஆரவாரத்தோடு செய்கிறான். ஒரு நாகரிகத் தேசம் தன் ஆழத்திலிருந்து எழுந்த ஆவேசத்தால் அடித்துச் செல்லப்படுவதை 1936 இல் ஜெர்மனியைப் பற்றிய ஒரு கட்டுரையில் அவர் வருணித்தார். அதே அவர், 1933 இல் நாஜிகளின் செல்வாக்குக்குட்பட்ட மனோசிகிச்சையாளர் சங்கத்தின் தலைமையை ஏற்றதும், அக்காலத்தில் யூதர் மனத்தைப் பற்றி எழுதிய சில வாக்கியங்களும் இன்றுவரை கண்டிக்கப்படுகின்றன. நிழலைப் பற்றி நன்கு அறிந்தவனுக்கும் நிழல் உண்டு என்பதற்கு அவரே சாட்சி.

நம் நாட்டில் இத்துறையில் ஆழ உழைத்தவர் யாழ்ப்பாணத்து மனோவைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1993 இல் வெளிவந்த ‘மனவடு’ என்னும் நூலிலும், அதன்பின் ஆங்கிலத்தில் எழுதிய நூல்களிலும், யுத்தத்தின் காயம் தனித்தனி மனங்களில் மாத்திரம் தங்குவதில்லை, குடும்பத்திலும் அயலிலும் ஊரிலும் அது படிந்துகிடக்கிறது என்பதை அவர் நிறுவினார். நம்மவனுடைய ‘நான்’ என்பது அவன் தோலோடு முடிவதன்று. தாயும் மாமனும் கோயிலும் கடற்கரையும் அதில் அடங்கியவை. ஆதலால் ஊர் சிதறினால் ஆளும் சிதறுகிறான். ஒருவரையொருவர் நம்பாமை, வாய்திறவாமை, பிறர் கையை எதிர்பார்த்திருத்தல் ஆகியவை ஒருவருடைய குணக்குறையாக அல்லாமல் ஊரின் நோயாகவே வெளிப்படுகின்றன. நோய் ஊருடையதானால் மருந்தும் ஊரோடு சேர்ந்தே ஊட்டப்படவேண்டும்.

மன்னார்த் தீவுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போமாக. இத்தீவிலும் அதன் எதிர்க்கரையான மாந்தையிலும் மூன்று பெருங்காயங்கள் மூன்று சமூகங்களின் நினைவில் காக்கப்படுகின்றன.

முதலாவது 1544 ஆம் ஆண்டுக்குரியது. முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்ற செய்தி கேட்டு மன்னார் மக்கள் பிரான்சிஸ் சவேரியாரை அழைக்க, அவர் தாம் வரமுடியாமல் ஒரு குருவை அனுப்பிவைத்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களுள் அறுநூறு பேர்வரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படையால் கொல்லப்பட்டனர். அவர்களை மன்னார் வேதசாட்சிகளாக வணங்குகிறது. தோட்டவெளியில் அவர்கள் நினைவாக ஆலயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் நினைவிலோ, சங்கிலி என்ற பெயர் அந்நியரை எதிர்த்து நின்ற வீரத்தின் பெயர். ஒரே மன்னன் ஒரு கரையில் வீரனாகவும் மறு கரையில் கொலைஞனாகவும் நிற்கிறான், இரண்டும் மெய்யே.

இரண்டாவது, தேவாரம் பெற்ற திருக்கேதீச்சரத்தின் அழிவு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்திருத்தலம் போர்த்துக்கேயர் காலத்தில் தரைமட்டமாகி, அதன் கற்கள் கோட்டைக்கும் தேவாலயங்களுக்கும் போயின என்ற செய்தி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டுமென்று ஆறுமுக நாவலர் 1872 இல் குரலெழுப்பினார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் காட்டுக்குள் கிடந்த ஒரு தலத்தை நினைவே மீட்டது. 1658 இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்த, மாந்தையிலிருந்த குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு மருதமடுக் காட்டுக்கு ஓடியதும் அதே நிலத்தின் கதைதான். ஓடியவர்களும் ஒளிந்தவர்களும் ஒருவரையொருவர் மிகவும் ஒத்திருக்கிறார்கள்.

மூன்றாவது நம் கண்முன் நடந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய தீவின் பழைய ஊர்கள் சில நாட்களில் வெறுமையாயின. பிறந்த வீட்டையும் பள்ளிவாசலையும் விட்டு, மாரிக்கடலில் வள்ளங்களேறிக் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் கரையேறியவர்களில் பலருக்கு அகதி முகாமே இருபது ஆண்டுகளுக்கு முகவரியாயிற்று. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர். எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்து 2018 இல் காலமான பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், தம் மக்களின் இழப்பை ஊர் ஊராகக் கணக்கெடுத்து ஆவணப்படுத்துவதையும், அதே வேளையில் தமிழரோடு உரையாடுவதையும் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்தார்.

இம்மூன்றுக்கும் இடையே, தமிழர் அனைவரும் சேர்ந்து பட்ட யுத்தகாலக் காயங்களும் உண்டு. 1985 ஜனவரியில் வங்காலையில் அருட்தந்தை மேரி பஸ்தியான் கொல்லப்பட்டதையும், 1999 நவம்பரில் தஞ்சம் புகுந்த மக்கள் நிறைந்திருந்த மடு ஆலயத்தில் எறிகணைகள் விழுந்ததையும் மன்னார் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

கவனிக்கவேண்டியது யாதெனில், ஒவ்வொரு சமூகமும் தான் அடிபட்ட நாளைத் திருநாளாகவும் துக்கநாளாகவும் தவறாமல் அனுஷ்டிக்கிறது. தன்னைச் சேர்ந்தவர் பிறரை அடித்த நாளோ எந்த நாட்காட்டியிலும் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கத்தோலிக்கன் வேதசாட்சிகளை நினைக்கிறான், கேதீச்சரத்துக் கற்களை நினைப்பதில்லை. சைவன் கற்களை நினைக்கிறான், வேதசாட்சிகளை நினைப்பதில்லை. மதம் எதுவாயினும் தமிழன் தன் இடப்பெயர்வைச் சொல்கிறான், எருக்கலம்பிட்டியின் ஒக்டோபரைச் சொல்லத் தயங்குகிறான். முஸ்லிமும் தன் கூட்டத்தார் பெயரால் கிழக்கிலே தமிழ்க் கிராமங்களில் நடந்தவற்றைப் பேசாமலே கடந்துபோகிறான். ஒளித்துவைத்தது சும்மா கிடப்பதில்லை. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சர வீதியின் அலங்கார வளைவு ஒன்றின்மேல் எழுந்த பிணக்கில் அவ்வளைவைப் பிடுங்கி எறிந்தவர்களின் ஆத்திரம், ஒரு தகரத்துக்கும் மரத்துக்கும் உரிய ஆத்திரம் அன்று. நானூறு ஆண்டுப் பழைய வட்டி அதில் சேர்ந்திருந்தது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அடிபட்டவனைப் பார்த்து உன் நிழலையும் பார் என்பது அநியாயமல்லவா? அநியாயமே, அடித்தவன் அதைச் சொல்வானாயின். காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாயிடம் உளவியல் பேசுவது கொடுமை. அவளுக்கு வேண்டியது நீதி, பதில், மகனின் செய்தி. நிழலை அறிவது நீதிக்குப் பதிலாக வைக்கத்தக்கதன்று. ஆயினும், தான் பட்ட துன்பத்தையே தன் குற்றமின்மைக்குச் சான்றாகக் காட்டப் பழகிய சமூகம், நீதி கிடைத்த மறுநாளிலும் குணமடையாது. தன்னை என்றும் குழந்தையாகவே கருதுகிறவனைப் போல, அது வளர மறுத்துவிடுகிறது.

வளர்ச்சிக்கான வாயில்கள் நம்மிடம் இல்லாமலில்லை. மன்னாரின் நாட்டுக்கூத்தை எடுத்துக்கொள்வோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பதிப்பித்த கூத்துநூல்களுள் ஒன்றான ‘மூவிராசாக்கள் நாடகம்’ பாலனைத் தேடிவந்த மூன்று அரசர்களைப் பற்றியது; அதற்கு ஏரோது அரசனும் வேண்டும். பகலில் வலை பொத்தும் ஒரு சாதுவான மனிதர், மாதக்கணக்கில் அண்ணாவியாரிடம் பழகி, முடி தரித்து, வாளுருவி, பச்சைக் குழந்தைகளைக் கொல்லக் கட்டளையிடும் அரசனாக விடியும்வரை ஆடுகிறார். முன்வரிசையில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் பாயில் இருந்து பார்க்கிறார்கள். ஏரோது எங்கோ பிறதேசத்தில் பிறந்தவனல்லன், நம் அயல்வீட்டுக்காரனுக்குள்ளும் அவன் குரலுக்கு இடமிருக்கிறது என்பதை ஊர் அந்த இரவில் ஒப்புக்கொள்கிறது. பாஸ்கு மேடையில் யூதாசாக நிற்க ஒருவர் முன்வருவதும் அத்தகையதே. கொடுமையை மேடையில் ஏற்றிப் பார்க்கத் தெரிந்த சமூகத்துக்கு, அதை வரலாற்றிலும் பார்க்கும் வலிமை அறவே இல்லாமற் போகாது.

அரசியலிலும் அதன் தொடக்கம் ஒருமுறை காணப்பட்டது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நிகழ்ந்த பத்திரிகையாளர் மகாநாட்டின்போது, முஸ்லிம்களின் வெளியேற்றம் குறித்து விடுதலைப் புலிகளின் சார்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. அது போதுமானதா, உளமாரச் சொல்லப்பட்டதா என்பது வேறு விவாதம். தலைவர்கள் சொன்னது கட்சியின் வார்த்தையாகவே நின்று, தெருவிலும் வீட்டிலும் சொந்த வார்த்தையாக மாறாததுதான் அதன் குறை. கூட்டத்துக்குக் கண்ணில்லை என்று முன்னே சொன்னோம்; ஆதலால் சமூகத்தின் நிறைவும் தனித்தனி மனிதர்களின் வழியாகவே வரவேண்டும். தன் நிழலைத் தன்னுடையதென்று ஏற்ற ஒருவன், கூட்டம் கல்லெடுக்கும் நேரத்தில் கையைக் கீழே வைத்திருப்பான். அப்படிப்பட்ட பத்துப்பேர் இருக்கும் ஊரில் எந்தக் கட்டளையும் அவ்வளவு இலகுவாக நிறைவேறிவிடாது.

கீரியிலும் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் மாந்தையிலும் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். 1544 ஐயும் கேதீச்சரத்தையும் 1990 ஐயும் ஒரே பாடமாகச் சொல்லுங்கள். சைவப் பிள்ளைக்கு வேதசாட்சிகளின் கதையையும், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கேதீச்சரத்தின் கதையையும், தமிழ்ப் பிள்ளைக்கு ஒக்டோபரில் கடலேறியவர்களின் கதையையும், முஸ்லிம் பிள்ளைக்கு மடுவில் எறிகணைக்கு இரையானவர்களின் கதையையும் முதலிற் சொல்லுங்கள். தத்தம் வீட்டுக் காயத்தை அவர்கள் எப்படியும் கேட்டே வளர்வார்கள்.